மரத்தூளைப் பிறக்குமிடத்திலேயே பிடித்தல்: இல்லப் பட்டறைக்கு ஒரு தன்னியக்க அமைப்பு

மரவேலையில் மின்விசை புகுந்ததன் விளைவுகளைக் கணக்கிடும்போது, உற்பத்தி பெருகியதையும் உடலுழைப்புக் குறைந்ததையும் நாம் முதலில் கூறுகிறோம். கழிவின் தன்மை மாறிவிட்டதை அவ்வளவாகக் கருதுவதில்லை. இழைப்புளி தள்ளிய தச்சரின் காலடியில் சேர்ந்தது சுருள் சுருளான சீவல். கைரம்பத்திலிருந்து உதிர்ந்தது பருமனான தூள். இரண்டும் தரையில் விழுந்தன. கூட்டி எடுத்து அடுப்புக்கு அனுப்பினர். நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழலும் வட்ட ரம்பமும், மின்சாரத்தால் இயங்கும் உப்புத்தாள் இயந்திரமும் வந்தபின், கழிவின் ஒரு பகுதி தரைக்கு வருவதேயில்லை. அது காற்றில் நிற்கிறது. தச்சர் அதனைச் சுவாசிக்கிறார். பட்டறை வீட்டிலேயே இருப்பின் அவருடைய குடும்பமும் சுவாசிக்கிறது.

இத்தூளைத் தானே பிடித்துச் சேர்க்கும் ஓர் அமைப்பைச் சிறிய இல்லப் பட்டறையில் நிறுவ இயலுமா, இயலுமெனில் அதன் கணக்கு என்ன, அதற்கான செலவை யார் ஏற்பது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பெங்களூரு மாநகரின் விவேக் நகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குழந்தை இயேசு ஆலயத்தால் பலரும் அறிந்த இப்பகுதி, ஈஜிபுரா, ஆஸ்டின் டவுன் ஆகியவற்றை ஒட்டியது. தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்வது. பெங்களூருவில் 20 அடிக்கு 30 அடி மனை என்பது சிறிய வீட்டின் வழக்கமான அளவு. அத்தகைய வீட்டின் தரைத்தள முன்னறை, 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி, நமது மாதிரிப் பட்டறையாக இருக்கட்டும். அதில் ஒரு மேசை ரம்பம், ஒரு சிறு இழைப்பு இயந்திரம், ஒரு உப்புத்தாள் இயந்திரம் ஆகிய மூன்றும் உள்ளன.

கண்ணுக்குப் புலப்படாத பகுதி

தூளின் தீங்கு அதன் எடையைப் பொறுத்ததன்று. துகளின் அளவைப் பொறுத்தது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். நூறு மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் விரைவில் தரையை அடைகின்றன. நீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் துகள், அசைவற்ற காற்றில், வினாடிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும். மூக்கின் உயரமான ஒன்றரை மீட்டரிலிருந்து தரையை அடைய அதற்கு 8 நிமிடத்திற்கு மேலாகிறது. ஒரு மைக்ரான் துகளுக்கு அதே தொலைவைக் கடக்க ஏறத்தாழ 14 மணி நேரம் வேண்டும். காலையில் அறுத்த பலகையின் நுண்துகள் இரவு விளக்கணைக்கும் வரை அறையில் மிதந்துகொண்டிருக்கலாம். மறுநாள் துடைப்பம் எடுப்பவர் படிந்ததையும் எழுப்பி விடுகிறார்.

மருத்துவச் சான்று புதியதன்று. இங்கிலாந்தில் நாற்காலி செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் நகரின் மரவேலையாளரிடையே, மூக்கின் உட்புறத்தில் தோன்றும் அரிய வகைப் புற்றுநோய் இயல்புக்கு மீறிக் காணப்படுவதை எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற மருத்துவரும் டொனால்டு அச்சிசன் என்ற நோய்ப்பரவலியல் அறிஞரும் 1960களில் வெளிப்படுத்தினர். உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1995இல் வெளியிட்ட தொகுதியில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதிப்பட்ட முதற்பிரிவில் சேர்த்தது. இதனை மிகைப்படுத்தவும் கூடாது. அந்நோய் அரியது, நெடுங்காலம் தூளில் உழைத்தோருக்கே பெரும்பாலும் வருவது. அன்றாடம் நாம் காணும் தீங்கு வேறு: இருமல், இரைப்பு, மூக்கடைப்பு, தோல் அழற்சி. தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலில் அழற்சி உண்டாக்குவதைத் தச்சர்களே அறிவர். இன்று நகரங்களில் சமையலறை அலமாரிகள் பெரிதும் பிளைவுட்டாலும் மர இழைப் பலகையாலும் செய்யப்படுகின்றன. அவற்றின் தூளில் மரத்துடன் ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் சேர்ந்தே வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கடினமரத் தூளுக்கு இடப்பட்ட உச்சவரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் என்றிருந்து, 3 ஆகி, 2023 சனவரி முதல் 2 மில்லிகிராம் ஆயிற்று. இவ்வளவை நமது மாதிரி அறைக்குப் பொருத்திப் பார்ப்பது பயனுடையது. அறையின் கொள்ளளவு 1,200 கனஅடி, அதாவது 34 கனமீட்டர். வரம்பின்படி அவ்வறைக் காற்று முழுவதிலும் இருக்கத்தக்க தூள் 68 மில்லிகிராம் மட்டுமே. ஒரு சிட்டிகை உப்பு இதனினும் பன்மடங்கு எடையுள்ளது. அறை “தூய்மையாக” இருக்கிறது என்ற கண்ணின் தீர்ப்பை இவ்விடயத்தில் ஏற்பதற்கில்லை.

சட்டம் எட்டும் தொலைவு

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தீங்கு தரும் தூசு எழும் இடங்களில் அதனைச் சுவாசிக்காதபடியும் அது பணியறையில் சேராதபடியும் தடுக்க வேண்டுமென விதித்தது. உறிஞ்சும் கருவி தேவைப்படின், தூசு தோன்றும் இடத்திற்கு இயன்றவரை அண்மையில் அதனைப் பொருத்த வேண்டும், அவ்விடத்தை இயன்றவரை மூடவும் வேண்டும் என்றும் அது கூறியது. பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை ஒரே வாக்கியத்தில் சொன்ன சட்டப்பிரிவு இது. ஆயின் மின்விசை கொண்டு 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ, மின்விசையின்றி 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றிய இடங்களே பொதுவாக அச்சட்டத்தில் தொழிற்சாலை எனப்பட்டன. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் தொழிற்சாலைக்குரிய எண்ணிக்கை 20, 40 என உயர்ந்தது.

தந்தையும் மகனும் உழைக்கும் முன்னறைப் பட்டறை இவ்விரு சட்டங்களிலும் தொழிற்சாலையன்று. அங்கு ஆய்வாளர் வரமாட்டார். வர வேண்டும் என்றும் யான் வாதிடவில்லை. வாழ்வாதாரத்திற்கான சிறுதொழிலை ஆய்வாளரின் குறிப்பேட்டால் மட்டும் நலமுடையதாக்க இயலாது. ஆனால் சட்டம் எட்டாத இடத்தில் தீங்கும் எட்டாமல் நின்றுவிடுவதில்லை. ஒரு பொருளின் விலையில் சேராமல் பிறர்மீது விழும் செலவைப் பொருளியலார் புறச்செலவு என்பர். அலமாரிக்குக் கூலி பேசும்போது மரம், ஆணி, பசை, நாட்கூலி யாவும் கணக்கில் வருகின்றன. தச்சரின் மூச்சிரைப்பும், உள்ளறையில் உறங்கும் குழந்தையின் இருமலும், சுவரை ஒட்டி வாழும் அண்டை வீட்டாரின் துணிகளில் படியும் தூளும் வருவதில்லை.

இங்குதான் முதல் தவறான தீர்வு தலைகாட்டுகிறது. சுவரில் ஒரு துளையிட்டு வெளியேற்று விசிறி ஒன்றைப் பொருத்தினால் அறை தெளிந்துவிடும். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில், துளைக்கு மறுபுறம் இருப்பது பெரும்பாலும் மற்றொருவரின் சன்னல். தூளைப் பிடிக்காமல் இடம் மாற்றுவது புறச்செலவை இன்னும் சற்றுப் புறத்தே தள்ளுவதன்றி வேறில்லை. குளிர்நாடுகளில் சூடேற்றிய காற்று வீணாகாமலிருக்க அதனை வடித்து அறைக்கே திருப்புவர். பெங்களூருவின் மிதமான தட்பவெப்பத்தில் அக்காரணம் இல்லை. அண்டை வீட்டார் என்ற காரணம் இருக்கிறது. எனவே முடிவு ஒன்றே: பிடித்து, பிரித்து, வடித்து, அதன்பின்னரே காற்றை விடவேண்டும்.

காற்றின் கணக்கு

விளக்கை ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைக்க முடியாது. ஊதும் காற்று கற்றையாக நெடுந்தூரம் செல்கிறது; உறிஞ்சும் குழாயோ எல்லாத் திசையிலிருந்தும் காற்றை இழுப்பதால், வாயிலிருந்து சற்று விலகியதும் அதன் வலு போய்விடுகிறது. குழாயின் விட்டத்தளவு தொலைவிலேயே காற்றின் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 100 மில்லிமீட்டர் குழாயை ரம்பத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பயன் சொற்பமே. அண்மையில் பொருத்துக, இயன்றவரை மூடுக என்று 14ஆம் பிரிவு கூறியதன் இயற்பியல் இதுதான். மேசை ரம்பத்தில் அடிப்புறத்தை மூடி ஒரு வாய் அமைத்தால் மட்டும் போதாது. பற்கள் தூளை மேற்புறமாகவும் எறிவதால் ரம்பத்தின் மேல்மூடியிலும் ஒரு சிறு வாய் வேண்டும். உப்புத்தாள் இயந்திரத்திற்கு வேறு வழி: துளையிட்ட தட்டின் வழியே, குறுகிய குழாயில், வலுவான உறிஞ்சல். அதற்குப் பட்டறை வகை உறிஞ்சு கருவியே ஏற்றது. பெருவிசிறி அதற்குப் பொருந்தாது. தூளின் நுண்மையில் மூன்று கருவிகளிலும் கொடியது இதுவே என்பதால், பணம் குறைவாயின் முதலில் இதற்குச் செலவிடுவதே அறிவுடைமை.

ரம்பத்திற்கும் இழைப்பு இயந்திரத்திற்கும் பெருமளவு காற்று வேண்டும. குழாயில் சீவலும் தூளும் படியாமல் செல்லக் காற்றின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் இருத்தல் நன்று. 100 மில்லிமீட்டர் குழாயின் குறுக்குப்பரப்பு 0.00785 சதுர மீட்டர். எனவே வினாடிக்கு 0.157 கனமீட்டர், அதாவது மணிக்கு 565 கனமீட்டர் காற்று ஓடவேண்டும். இது நமது அறையின் காற்றை மணிக்குப் பதினாறு முறைக்கு மேல் மாற்றுவதற்குச் சமம்.

இக்காற்றை இழுக்க வேண்டிய அழுத்தத்தை, நீர்மட்டம் எத்தனை மில்லிமீட்டர் உயரும் என்ற அளவில் கூறுவது வழக்கம். நின்ற காற்றை 20 மீட்டர் வேகத்திற்குக் கொணர 24 மில்லிமீட்டர், உறிஞ்சு வாயின் இழப்பு ஏறத்தாழ 20, ஆறு மீட்டர் நேர்க்குழாயின் உராய்வு 26, நீண்ட வளைவுகள் மூன்றிற்கு 18, பிரிக்கும் சைக்ளோனுக்கு 75, வடிப்பானுக்கு 40. கூட்டினால் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். இந்த அழுத்தத்தையும் காற்றின் அளவையும் பெருக்கினால் 314 வாட். சிறுவிசிறியின் திறன் பாதியளவே என்று கொண்டால் மோட்டார் தரவேண்டியது 630 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆகவே 1 குதிரைத்திறன் மோட்டார் ஈடுகொடுக்கும். வடிப்பான் அடையத் தொடங்கும்போது கையிருப்பு வேண்டுமெனில் ஒன்றரை.

வளைவுகளைப் பற்றி ஒரு சொல். நீண்ட வளைவுக்குப் பதிலாகச் செங்கோணத்தில் ஒடிந்த முழங்கையைப் பொருத்தினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 29 மில்லிமீட்டரை விழுங்கும். மூன்று முழங்கைகளில் 69 மில்லிமீட்டர் கூடுதலாகப் போய்விடும். வடிகாலுக்கு விற்கும் 110 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் எளிதில் கிடைப்பது, பட்டறைக்கும் பொருந்துவது. அதன் இணைப்புகளில் 45 பாகை வளைவுகள் இரண்டை இடையில் சிறு நேர்த்துண்டு வைத்துச் சேர்த்தால் நீண்ட வளைவு கிடைத்துவிடும். நெளிவுள்ள நெகிழ்குழாயின் உராய்வு பன்மடங்கு. அதனை இயந்திரத்தின் வாயருகே கையளவுக்கு மேல் பயன்படுத்தலாகாது.

இக்கணக்கு யாவும் ஒரு நேரத்தில் ஓர் இயந்திரமே உறிஞ்சப்படுகிறது என்ற அடிப்படையில் நிற்கிறது. இரண்டு கிளைகளும் திறந்திருந்தால் ஒவ்வொன்றிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும், சீவல் குழாயில் படியும், நாளடைவில் அடைக்கும். எனவே ஒவ்வொரு கிளையிலும் ஓர் அடைப்புத் தகடு வேண்டும்.

பிரித்தலும் வடித்தலும்

கூம்பு வடிவக் கலத்தில் காற்றைப் பக்கவாட்டில் செலுத்திச் சுழலவிட்டால், கனமான துகள்கள் சுவரை நாடிக் கீழிறங்கும். காற்று நடுவே மேலெழுந்து செல்லும். சைக்ளோன் எனப்படும் இவ்வமைப்புக்கு அமெரிக்காவில் 1885இலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. மர ஆலைகளின் கூரைமேல் நெடுங்காலமாக நின்ற இக்கருவியைக் கண்டே ஜேம்ஸ் டைசன் 1970களின் இறுதியில் வீட்டுத் தூசுறிஞ்சியை மாற்றியமைக்க முற்பட்டார்; அதற்கு 5,127 மாதிரிகள் செய்தார் என்பது அவரே பலமுறை கூறிய செய்தி. பட்டறைக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. தகட்டு வேலை அறிந்தவர் எவரும் கூம்பைச் செய்து தருவர்.

கவனிக்க வேண்டியது கூம்பின் அடியில் உள்ள கலம். அதன் மூடியில் சிறு கசிவு இருந்தாலும் காற்று கீழிருந்து மேலாக நுழைந்து, விழுந்த தூளையே மீண்டும் தூக்கிச் செல்லும். பெயிண்ட் வாளியைப் பயன்படுத்துவோர் பலர். உறிஞ்சலில் அது உட்குழிந்து நசுங்குவதும் உண்டு. உறுதியான இரும்புப் பீப்பாயும் ரப்பர் விளிம்பும் மேல். பீப்பாய் நிரம்பிவிட்டாலும் இதே விளைவு: சைக்ளோன் இருந்தும் இல்லாததாகி, தூள் முழுவதும் வடிப்பானுக்குப் போகும்.

சைக்ளோன் பருமனான தூளை ஏறக்குறைய முழுவதும் பிடிக்கும். சில மைக்ரான் அளவுள்ளதைப் பெரிதும் விட்டுவிடும். நுரையீரலை அடைவதோ அச்சில மைக்ரான் துகள்தான். அதனால் வடிப்பான் இல்லாத சைக்ளோன் தரையைக் காக்கும், மூச்சைக் காக்காது. மலிவான துணிப்பையின் இழைகளினூடே நுண்துகள் புகையென வெளியேறுவதைச் சன்னல் வழி விழும் வெயிலில் காணலாம். நுண்துகளைத் தடுக்கும் நெருக்கமான மடிப்பு வடிப்பானில், காற்று மெல்லச் செல்ல வேண்டும். 3 சதுர மீட்டர் பரப்பு இருந்தால் நமது காற்றின் வேகம் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் அளவில் நிற்கும்.

தானே இயங்கும் ஏற்பாடு

இத்தனையும் அமைத்தபின் தன்னியக்கம் எதற்கு என்று கேட்கலாம். சுவிட்சைத் தட்டினால் போதாதா? அமைப்பு இருந்தும் பயன்படாமற் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சுவிட்சுதான். ஒரு பலகையை அறுக்கப் பத்து வினாடி. அதற்காக நான்கடி நடந்து, தகட்டைத் திறந்து, மற்றொன்றை மூடி, விசிறியைப் போட்டுத் திரும்பி வருவது எவருக்கும் சலிப்பூட்டும். “இந்த ஒரு வெட்டு மட்டும்” என்று நாளொன்றுக்கு நாற்பது வெட்டுகள் நடந்துவிடும். இது ஒழுக்கக் குறைவன்று, உழைப்பின் இயல்பு. காப்பு ஏற்பாடு நினைவாற்றலை நம்பி நிற்கக் கூடாது.

வேலை செய்யும் முறை எளிது. ரம்பத்திற்குச் செல்லும் மின்கம்பியைச் சுற்றி ஒரு மின்னோட்ட உணரி வளையம் பொருத்தப்படுகிறது. 1,500 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும். ஓர் ஆம்பியரைத் தாண்டியதும் ரம்பம் ஓடுகிறதெனக் கட்டுப்பாட்டுப் பலகை கொள்ளும். உடனே அக்கிளையின் தகட்டைச் சிறு சர்வோ மோட்டாரால் திறந்து, ஏனையவற்றை மூடி, பின் விசிறியை இயக்கும். ஆர்டுயினோ போன்ற மலிவான பலகை ஒன்றே மூன்று இயந்திரங்களுக்கும் போதும். பெங்களூருவில் இப்பொருள்கள் யாவும் எஸ்.பி. சாலைக் கடைகளில் கிடைக்கின்றன. மின்னணுவியல் பயிலும் மாணவர் ஒருவர் சில நாள்களில் இதனைச் செய்து முடிப்பார்.

ஆயினும் சில நுட்பங்களைத் தவறவிட்டால் அமைப்பு தோற்கும். வளையத்தினூடே பேஸ் கம்பி மட்டுமே செல்ல வேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்த முழுக்கேபிளையும் செலுத்தினால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று நீக்கிவிடும். உணரி எதையும் காணாது. அடுத்து, மோட்டார் புறப்படும் கணத்தில் அதன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரம்பமும் விசிறியும் ஒரே கணத்தில் புறப்பட்டால் வீட்டின் காப்புச் சுவிட்ச் விழும். ஆகவே ஓரிரு வினாடி இடைவெளி விட்டே விசிறி எழவேண்டும். இரண்டையும் தனித்தனி மின்சுற்றில் இணைப்பது இன்னும் நன்று. பலகையில் உள்ள சிறு ரிலே விசிறியை நேரடியாக இயக்கலாகாது. அது காண்டாக்டரை இயக்க, காண்டாக்டரே மோட்டாரை இயக்க வேண்டும். இன்றேல் ரிலேயின் முனைகள் சில வாரங்களில் பற்றிக்கொள்ளும், விசிறி நிற்காது. தகடு உண்மையில் திறந்ததா என்பதை மைக்ரோ சுவிட்ச் ஒன்றால் உறுதிசெய்வதும் தேவை, ஏனெனில் தகட்டின் காடியில் தூள் சேர்ந்து அது பாதிவழியில் நிற்பது இவ்வமைப்பின் வழக்கமான நோய்.

ரம்பம் நின்றதும் விசிறி உடனே நிற்கக் கூடாது. ரம்பத்தின் சுற்றுப்புறத்தில் மிதக்கும் தூளை இழுக்கச் சிறிது நேரம் வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று நின்று புறப்பட்டால் மோட்டாரின் கம்பிச்சுருளும் சூடேறும். ஓரிரு நிமிடம் கூடுதலாக ஓடவிடுவது இரண்டிற்கும் பொருந்தும். இதனால் மின்கட்டணம் ஏறுமே என்ற ஐயம் வேண்டா. எட்டு மணி நேர வேலையில் இயந்திரங்கள் மெய்யாகவே ஓடுவது, நீட்டிப்பையும் சேர்த்து, மூன்று மணி நேரம் எனக் கொள்வோம். விசிறி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் செலவிடும். நாள் முழுதும் ஓடவிட்டால் 8 யூனிட், தானியங்கினால் 3. மாதத்திற்கு 25 வேலைநாள் என்றால் 125 யூனிட் மிச்சம்.

மின்தடை அடிக்கடி நேரும் இடங்களில் மற்றொரு எச்சரிக்கை. மின்சாரம் திரும்பியதும் ரம்பம் தானே சுழலத் தொடங்கக் கூடாது. பிடித்து வைக்கும் காண்டாக்டரும், மீண்டும் அழுத்தினாலன்றிப் புறப்படாத பொத்தானும் இதற்கு உண்டு. கைவிரல்களின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை பொருட்படுத்தத் தக்கதன்று.

தீயைப் பற்றி

மரத்தூள் வெடிக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 சனவரியில் பேபின் மர ஆலையிலும், ஏப்ரலில் லேக்லேண்ட் மர ஆலையிலும் தூள் வெடித்து, ஒவ்வொன்றிலும் இருவர் மாண்டனர். அவை பேராலைகள். சிறு பட்டறையில் அத்தகைய வெடிப்பைவிட, பீப்பாயினுள் கனன்று பின்னிரவில் மூளும் தீயே அஞ்சத்தக்கது. பழைய மரத்தில் மறைந்த ஆணி ரம்பத்தில் பட்டுத் தெறிக்கும் பொறி அதற்குப் போதும். இரும்பு தேய்க்கும் சாணை இயந்திரத்தை இக்குழாயுடன் ஒருபோதும் இணைக்கலாகாது. மாலையில் பீப்பாயை வெறுமையாக்காமல் வீட்டைப் பூட்டலாகாது. பிளாஸ்டிக் குழாயில் உராய்வால் சேரும் மின்னூட்டத்திற்குச் செம்புக் கம்பி சுற்றி நிலத்தில் இணைப்பர். சிறு அமைப்பில் அதன் முதற்பயன் கையில் அதிர்ச்சி படாமலிருப்பதே.

சேர்ந்த தூளில் மர இழைப் பலகையின் தூளும் பிளைவுட் தூளும் கலந்திருக்கும். அதனைக் காளான் வளர்க்கவோ தொட்டிச் செடிக்கு உரமாகவோ கொடுக்கலாகாது. தனி மரத்தூளாயின் வாங்குவோர் உண்டு.

செலவை யார் ஏற்பது

இவ்வமைப்பின் பயனில் ஒரு பகுதி தச்சருக்கே: நலம், வேலைநாள் இழப்பின்மை, மெருகு பூசும்போது தூள் ஒட்டாத வழவழப்பு. மறுபகுதி குடும்பத்திற்கும் தெருவுக்கும். பயன் முழுவதும் தம்மைச் சேராத முதலீட்டை ஒருவர் தேவையினும் குறைவாகவே செய்வார், இதில் வியப்பில்லை. பொதுநிதி துணைநிற்க வேண்டிய இடம் இதுவே. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சுத்தொழிலும் ஒன்று. கருவிகளுக்காக 15,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும், 5 சதவீத வட்டியில் முதலில் 1 இலட்சம், பின்னர் 2 இலட்சம் ரூபாய்க் கடனும் அத்திட்டத்தில் உண்டு. மின்சக்தியால் இயங்கும் கருவிக்கு உதவி தரும்போது, அக்கருவியின் தூளைப் பிடிக்கும் ஏற்பாட்டையும் அதன் உறுப்பாகவே கருத வேண்டும் என்பது எனது கருத்து. தனித்தனியே கருதினால் பொதுப்பணம் ஒரு கையால் உற்பத்தியையும் மறு கையால் நோயையும் வளர்த்ததாக ஆகும்.

அறிவும் தொலைவில் இல்லை. மரத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கென நிறுவப்பட்ட மர அறிவியல் தொழில்நுட்பக் கழகம் பெங்களூருவின் மல்லேசுவரத்திலேயே உள்ளது. மரவேலைப் பயிற்சியும் அளிக்கிறது. விசிறியும் தகட்டு வேலையும் செய்து தரும் சிறுதொழிலகங்கள் பீன்யாவில் நிறைய உள்ளன. விவேக் நகர் போன்ற ஒரு பகுதியில் சில பட்டறைகள் சேர்ந்து ஒரே அளவில் சைக்ளோன் செய்யக் கொடுத்தால் அச்சும் வெட்டும் ஒருமுறைச் செலவாகிவிடும். தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுப் பிரிவு மாணவரும் மின்னணுவியல் பிரிவு மாணவரும் கூடிச் செய்யத்தக்க செய்முறைப் பாடமாகவும் இதனை வைக்கலாம். இரு பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருப்பது நமது பயிற்சி முறையின் பழைய குறை.

கடன் வழங்கிய வங்கி அலுவலரோ மாவட்டத் தொழில் மைய அலுவலரோ இத்தகைய பட்டறையைப் பார்வையிடச் சென்றால், எந்திரத்தின் பளபளப்பைப் பார்த்துத் திரும்ப வேண்டியதில்லை. வடிப்பானுக்கு முன்னும் பின்னும் ஒளிபுகும் சிறுகுழாயை ஆங்கில யு எழுத்தைப்போல் வளைத்து, நிறமிட்ட நீரூற்றிப் பலகையில் பொருத்தியிருக்கிறார்களா என்று கேட்கலாம். புதிய வடிப்பானில் இருபுற நீர்மட்டங்களின் வேறுபாடு எவ்வளவு என்பதை அங்கேயே ஒரு கோடிட்டுக் குறித்திருக்க வேண்டும். இன்று அது இரட்டித்திருந்தால் வடிப்பானைத் தட்டித் துப்புரவு செய்யும் வேளை வந்துவிட்டது. பின்னர்ப் பீப்பாயைத் திறந்து எவ்வளவு நிரம்பியிருக்கிறதெனக் காணலாம். இறுதியாக, ஒரு நாற்காலியில் ஏறிக் குழல்விளக்கின் மேற்புறத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். அங்கே துடைப்பம் எட்டுவதில்லை. சென்ற வருகையின்போது துடைத்துவிட்டுச் சென்ற இடத்தில் இன்று விரலில் ஒட்டுவது எவ்வளவோ, அவ்வளவும் அமைப்பைத் தப்பி வந்த தூள்.